காரணம் என்னும் கட்டம்

தக்கலையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சரிவில்
ஐடா டாக்டரின் பல் ஆஸ்பத்திரி.
பதிவேடு என் பொறுப்பு.
பெயர், வயது, பல்லின் எண், காரணம் என்று
நாலு கட்டம்.

ஹப்தாமு. இருபத்தொன்று. மேல்வரிசை முன்பல்.
குமாரகோவில் காலேஜில் சிவில், மூன்றாம் வருடம்.
ஊர் எத்தியோப்பியாவில், மலைமேல்.
எவனாவது அடிச்சானா மக்கா, என்றேன்.
வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தான்.
கூச்சம் போலிருக்கு என்று டாக்டர்
இன்னொரு ஊசி போட்டார்.
காரணத்தில் நான் எழுதினேன்:
உடைந்த பல்.

மறுவாரம் அளவெடுத்துவிட்டுக் காத்திருந்தான்.
ஆவணி வெயில்.
பின்தோட்டத்தில் ரப்பர் காய் ஒன்று வெடித்து
எங்கள் தகரத்தில் தெறித்தது.
இதாக்கும் எங்க த, என்றான்
மூன்று வருடத்து மார்த்தாண்டத் தமிழில்.
தொண்டையில் மூச்சைப் பூட்டி
நாக்குக்குப் பின்னால் காற்றை நெருக்கி
பட்டென்று விடவேண்டும்.
பல்லுக்கு அவன் மொழியில் பெயரே
அந்த வெடிப்பில்தான் தொடங்குகிறதாம்.
சொல்லிக் காட்டினான்.
பல்லில்லாத சந்து வழியே காற்று ஓடிவிட்டது.
நான் சொன்னேன், திர்ஸ்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
என்னுடையது நனைந்த தீக்குச்சி.

வெடித்த காயில் விதை மூன்று.
பொறுக்கி வந்து மேசையில் வரிசையாய் வைத்தான்.
ஸ். ப். ர்.
பஸ்ஸில் வருகிற ப.
மூன்றும் மெய். சும்மா கிடக்கும்.
இடையிடையே உயிர் புகுந்து
ஸெப்பெரெ என்றால், உடைத்தான்.
ஸெபாரி, உடைக்கிறவன்.
ஸிப்ராத், எலும்பு முறிவு.
நடுவிதையை இரண்டு தரம் தட்டினான்.
தெஸெபாப்பெரெ.
சுக்குநூறாப் போச்சு!
நாங்கள் வாலில் பெட்டி கோக்கிறவர்கள்.
உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் என்று
நாகர்கோவில் ஜங்ஷனைத் தாண்டியும் நீளும் எங்கள் ரயில்.
அவர்களோ வயிற்றுக்குள்ளேயே சொல்லை மாற்றுகிறார்கள்.

நடு ப அழுந்துகிறதே, அதை எப்படி எழுதுவாய்?
எழுதமாட்டோம்.
அலெ, சொன்னான். அல்லெ, இருக்கிறான்.
தாளில் இரண்டும் ஒன்றுதான்.
வாசிக்கிறவன் அறிந்து அழுத்த வேண்டும்.
எனக்குப் பகீரென்றது.
ஒரு புள்ளியெழுத்து விழுந்துபோனால்
இங்கே பட்டம் படமாகிவிடும்.

மூன்றாம் முறை பல் வந்துவிட்டது.
நீலத்தாளைக் கடிக்கவைத்து, உரசி, ஒட்டியாயிற்று.
இப்போது சொல்லு.
சொன்னான். தெறித்தது.
கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரே திரும்பிப் பார்த்தார்.

கையெழுத்து வாங்கும்போது
காரணத்தை உன் எழுத்தில் எழுதேன் என்றேன், ஓர் ஆசைக்கு.
நாலு எழுத்துப் போட்டான்.
தெஸெப்பெரெ.
உடைந்தது.
பைக்கில் காத்திருந்த அறைத்தோழன்
வாசலில் ஹாரன் அடித்தான், இரண்டு தரம்.
ஹப்தாமு அந்தப் பக்கம் பாராமல்
முதல் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்தான்.
மீதி மூன்று.
நான் வாசித்தேன்,
எழுதாத இடத்தில் அழுத்தி.

உடைந்த பல். உடைத்த பல்.
எனக்கும் ஓர் எழுத்துத்தான் தூரம்.
திருத்தவா?
வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தான்.
கூசுதா மக்கா?
இல்ல, என்றான். எங்க ஊர்ல
ஆமான்னு சொல்றது இப்படித்தான்.

ஆக, முதல்நாளே சொல்லியிருக்கிறான்.
அதற்கு ஓர் ஊசி போட்டு
நூற்றைம்பது ரூபாய் வாங்கியிருந்தோம்.